வாசகர் கேள்வி பதில்: சாரத்தில் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்வி

இந்த இதழுக்கான கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காடு, கோவை மாவட்டங்களின் எல்லையோர ஊர்களிலிருந்து, கட்டட வேலையோடு தொடர்புடையவர்களிடமிருந்து வந்துள்ளன. எல்லாம் தூக்கத்தைப் பற்றியவை என்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 46. வேலந்தாவளத்திலிருந்து தினமும் வேனில் திருச்சூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார். அதிகாலை 4 மணிக்கு எழுந்து, இரவு 8 மணிக்கு வீடு திரும்பி, படுக்க 11 மணி ஆகிவிடுகிறது. போன மாதம் பூச்சு வேலையின்போது எட்டடி உயரச் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பலகை நழுவியது என்கிறார்; கூட இருந்தவர்களோ பலகை கட்டியபடியேதான் இருந்தது என்கிறார்கள். தூக்கக் குறைவால் இப்படி நடக்குமா என்று கேட்டால், "எனக்குத் தூக்கமே வரவில்லை, தெளிவாகத்தான் இருந்தேன்" என்று கோபிக்கிறார்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, பலகை நழுவியதா கால் நழுவியதா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மணிக்கணக்கு கவலை தருகிறது. வளர்ந்த ஒருவருக்கு ஓர் இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. உங்கள் கணவருக்குக் கிடைப்பதோ 5 மணி நேரம். ஆறு வேலை நாள்களுக்குக் கூட்டிப் பார்த்தால், சனிக்கிழமை மாலையில் அவர் 12 மணி நேரத் தூக்கக் கடனோடு சாரத்தில் நிற்கிறார்.

தெளிவாக இருந்ததாக அவர் சொல்வது பொய்யல்ல. சிக்கலே அங்குதான் இருக்கிறது. 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமானவர்களைத் தொடர்ந்து 14 நாள்கள் இரவில் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்க வைத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய கவனமும் வேகமும், இரண்டு இரவுகள் வரை கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டன. ஆனால் தங்கள் திறன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதை அவர்களே பெரும்பாலும் உணரவில்லை. தூக்கம் குறைந்தவனுக்குத் தன் நிலையை அளந்து சொல்லும் அறிவும் சேர்ந்தே மங்கிவிடுகிறது என்பதால், "தூக்கம் வருகிறதா" என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சாரத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சுவரில் மட்டப்பலகையை இழுத்துவிட்டு, ஓரடி பின்னால் வந்து பூச்சைக் கண்ணால் பார்ப்பது எந்தக் கொத்தனாருக்கும் யோசிக்காமலே வரும் பழக்கம். தரையில் நிற்கும்போது அதில் ஆபத்து இல்லை. சாரத்தில் நிற்கும்போது, பலகை எங்கே முடிகிறது என்ற நினைவு பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அந்த ஓரடியை எடுத்து வைக்கலாம். இருபது ஆண்டுகள் பழகிய கைத்திறன் தூக்கம் குறைந்தாலும் எளிதில் விட்டுப் போவதில்லை. பூச்சு நேராகவே வரும், அதைப் பார்த்து எல்லோரும் ஏமாந்துவிடுகிறோம். முதலில் போவது அந்தப் பின்னணி நினைவுதான். இதனுடன், ஓரிரு நொடிகள் மூளை உறங்கி மீளும் நொடித்தூக்கமும் சேரக்கூடும். அப்போது கண் திறந்திருக்கவும் கூடும் என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. விழித்தவருக்கும் இடையில் நடந்தது நினைவில் இருக்காது. "பலகை நழுவியது" என்று அவர் மனதார நம்புவதற்கு அதுவே போதும்.

நான் எல்லையோர ஊர் ஒன்றில் மருத்துவம் பார்த்த ஆண்டுகளில், விழுந்து அடிபட்டு வருபவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று மட்டும்தான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் எப்போது எழுந்தீர்கள் என்று பிற்பாடுதான் கேட்கத் தொடங்கினேன். அங்கு நாங்கள் நிரப்பிய படிவத்தில் மது அருந்தியிருந்தாரா என்பதற்குக் கட்டம் இருந்தது, தூக்கத்துக்கு இல்லை. நான் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன்.

மது என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைகண் ஒத்திசைவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் நிலைக்கு வந்துவிடுவதைக் காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். காலை 4 மணிக்கு எழுந்த உங்கள் கணவருக்கு இரவு 9 மணியோடு 17 மணி நேரம் முடிகிறது. கான்கிரீட் போடும் நாள்களில் 9 மணிக்கு அவர் எங்கே இருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும்: சிலாபின் மேலோ, வீடு திரும்பும் பைக்கின் மேலோ இருப்பார்.

கட்டுப் பிரித்து அவர் மீண்டும் வேலைக்குப் போகும்போது, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் வேலையிடத்திலேயே தங்க முடியுமா என்று பாருங்கள். ஒரு வழிப் பயணமே இரண்டரை மணி நேரம் ஆகிறது; ஊக்கம், ஒழுக்கம் என்று எத்தனை பேசினாலும் அந்த நேரத்தை வேறு எங்கிருந்தும் பிடுங்க முடியாது. வீட்டிலிருந்து போகும் நாள்களில் கைப்பேசியை 9 மணிக்கே வேறு அறையில் வைத்துவிட்டால் ஒன்றரை மணி நேரமாவது மிஞ்சும். வேன் ஓட்டுநர் விழித்திருக்கும்வரை, வேனில் தூங்குவதும் நல்லதே. தூக்கம் கெட்ட நாளில் உயரத்து வேலையை விட்டுத் தரை வேலை கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: நான் மேஸ்திரி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆட்கள் சிறிது நேரம் சாய்கிறார்கள். பொறியாளர் பார்த்தால் சத்தம் போடுகிறார். தூங்க விடலாமா? (கோபாலபுரம்)

பதில்: விடலாம், விடுவதே நல்லது. மதியம் 2 மணியிலிருந்து 4 மணிவரை உடலின் இயல்பான கடிகாரமே சற்றுத் தணிந்துவிடும் நேரம். வயிறு நிறையச் சோறு உண்டதால் மட்டும் வரும் மந்தம் அல்ல அது. 20 நிமிடத் தூக்கம் பிற்பகல் கவனத்தை நன்றாகவே மீட்டுத் தரும். அரை மணி நேரத்தைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டால், எழுந்தவுடன் ஒரு மந்தநிலை கால் மணி முதல் அரை மணி நேரம் வரை இருக்கும். ஆகவே எழுந்த ஆளை நேரே சாரத்தில் ஏற்றாமல், முகம் கழுவி, தண்ணீர் குடித்து, கலவை போடும் இடத்தில் சிறிது நேரம் நிற்கவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

எங்கே படுக்கிறார்கள் என்பதை நீங்களே பார்க்க வேண்டும். வெயில் நாளில் எளிதில் கிடைக்கும் நிழல் லாரியின் நிழல்; ஜல்லி இறக்கிய ஓட்டுநர் பின்னால் பாராமல் வண்டியை எடுத்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிலாபின் விளிம்பிலும், பொருள் ஏற்றும் லிஃப்டின் அடியிலும் படுக்கவிடாதீர்கள். ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டி, இது படுக்கும் இடம் என்று ஒதுக்கிவிட்டால் பொறியாளருக்கும் கணக்குத் தெரியும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கோடையில் கேரளத் தொழில் துறை நேரடி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நண்பகல் 12 முதல் 3 மணிவரை ஓய்வு என்று ஆணை போடுகிறது. வெயிலுக்கு அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை ஈடுகட்ட வேலை மாலை 7 மணிவரை நீளக்கூடும் என்பதால், உங்களைப் போல எல்லை தாண்டிப் போகிறவர்கள் வீடு சேர இன்னும் பிந்துகிறது. இரவுத் தூக்கத்தில் அது கடிக்கிறது. அந்த ஓய்வில் சீட்டாடாமல் ஒரு பகுதியைத் தூங்கிக் கழிப்பது அந்த நாள்களில் கட்டாயம் என்றே சொல்வேன்.

கான்கிரீட் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதியில் நிறுத்தினால் இணைப்பு பலவீனமாகிவிடும் என்பதால் முடியும்வரை ஓட்டுகிறீர்கள். எங்கே நிறுத்தலாம் என்று பொறியாளரிடம் முன்கூட்டியே குறித்து வாங்கி, இரண்டு குழுவாக ஆள் வைத்தால், காலையில் கம்பி கட்டிய அதே ஆளே இரவில் வைப்ரேட்டர் பிடிக்க வேண்டியிருக்காது. கான்கிரீட்டுக்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகள் கூடுதலாகத் தூங்கி வந்தவர்கள் அந்த நீண்ட நாளை ஓரளவு தாங்குவார்கள். காலையில் ஆட்களை நிறுத்தி ஹெல்மெட், பெல்ட் சரிபார்க்கும்போதே எத்தனை மணிக்கு எழுந்தாய் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் குறைவாகத் தூங்கியதாகச் சொன்னவனின் கூலியை வெட்டினால், மறுநாள் முதல் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: சித்தூர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போது மாலையில் கள் கிடைக்கிறது. குடித்தால் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வருகிறது. உடம்பு வலிக்கும் நல்லதுதானே? (வாளையாறு)

பதில்: தூக்கம் சீக்கிரம் வரும், நிலைக்காது. மது இரத்தத்திலிருந்து இறங்கும் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடையும், குறட்டை கூடும், சிறுநீர் கழிக்க எழுப்பும். கடும் உழைப்புக்குப் பிறகு உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டிய இரவை அப்படிக் கெடுத்துவிட்டு வலிக்கு மருந்து என்பது சரியல்ல. மாலை டீயையும் கவனியுங்கள்: குடித்த காஃபீனில் பாதி குறைவதற்கே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

கேள்வி: சிறிய ஒப்பந்ததாரர் நான். வெளியூர் ஆட்கள் 18 பேருக்குத் தகரக் கொட்டகை, மின்விசிறி, பாய் எல்லாம் கொடுத்திருக்கிறேன். பயணமே இல்லை, எட்டு மணி நேரம் படுக்கிறார்கள். ஆனாலும் காலையில் சோர்ந்துதான் வருகிறார்கள். (கொழிஞ்சாம்பாறை)

பதில்: படுப்பது வேறு, தூங்குவது வேறு. உள்ளுடல் வெப்பம் சற்றுக் குறைந்தால்தான் ஆழ்ந்த தூக்கம் பிடிக்கும். பகலெல்லாம் காய்ந்த தகரத்தின் கீழே அடைத்துக் கிடக்கும் வெக்கையை மின்விசிறி சுற்றிச் சுற்றி அடிக்கிறதே தவிர வெளியேற்றுவதில்லை. ஒருநாள் இரவு 10 மணிக்கு நீங்களே உள்ளே போய் அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். நான் எழுதுவதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

உங்கள் ஊருக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று மார்கழியில் கிழக்கிலிருந்தும் ஆடியில் மேற்கிலிருந்தும் வீசுகிறது. கொட்டகையின் கிழக்கு, மேற்கு இரண்டு பக்கச் சுவர்களிலும் எதிரெதிராகச் சன்னல் வைத்து, கொசுவலை அடித்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. தகரத்தின் மேல் பனையோலை வேய்ந்தால் வெயில் நேராக இறங்காது. ஆனால் ஓலை வேய்ந்த பிறகு உள்ளே அடுப்பு எரியவே கூடாது. சமையலுக்குத் தனியிடம் என்பது 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னதுதான். வேலையிடத்திலோ அருகிலோ வாடகை வாங்காமல் தங்குமிடம் தர வேண்டும் என்றும் அது விதித்தது. இரவு வேலை முடித்து வருபவர்களையும் பகல் வேலைக்காரர்களையும் ஒரே அறையில் போட்டிருந்தால் பிரித்துவிடுங்கள். ஒரு மாதிரி வேண்டுமென்றால், கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகக் கேரள அரசு 2019-இல் திறந்த 'அப்னா கர்' விடுதியைப் போய்ப் பார்த்து வரலாம். செலவில் அதை எட்ட முடியாவிட்டாலும், அறையின் அமைப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த பின்னரும் ஒருவர் மட்டும் சோர்ந்தே இருந்தால், அவருடைய குறட்டையைப் பற்றிப் பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று, பிறகு திணறித் தொடங்குவது உண்டென்றால் அது நோய், மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் மிக்சர், கிரேன் போன்றவற்றை இயக்குபவர் என்றால் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: நான் சித்தாள். ஆண்களின் தூக்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் மூன்றரை மணிக்கு எழுந்து இரண்டு வேளைக்குச் சமைத்து வைத்துவிட்டு, மாடிப் படியில் கலவைச் சட்டி சுமக்கிறேன். இரவில் படுத்தால் கால் குடைச்சல். ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது. (வண்ணாமடை)

பதில்: உங்கள் குறை நியாயமானது. மேலே மேஸ்திரிக்குச் சொன்ன கேள்வியை உங்களிடம் கேட்டால், உங்கள் குழுவிலேயே முதலில் எழுந்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தலையில் சட்டியும் காலடியில் கைப்பிடி இல்லாத படியுமாக ஏறுபவரும் நீங்கள்தான். மூன்றரை மணிக்கு எழ வேண்டியிருப்பது உடல்நலப் பிரச்சினை என்பதைவிட வீட்டில் வேலைப் பங்கீட்டுப் பிரச்சினை. காய் நறுக்குவது, தண்ணீர் பிடிப்பது ஆகியவற்றை முந்தைய மாலையில் கணவரும் பிள்ளைகளும் செய்தால் ஒரு மணி நேரமாவது உங்களுக்குக் கிடைக்கும். இந்தப் பக்கத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

கால் குடைச்சலை உழைப்பின் அலுப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். படுத்தபின் கூடுவதும், ஆட்டினால் அல்லது நடந்தால் குறைவதும் ஒரு தனி நோயின் அடையாளம். உடலில் இரும்புச்சத்து குறைவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் சேமிப்பு குறைந்திருக்கலாம் என்பதால், குடைச்சலைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை தந்தால் டீயுடன் விழுங்காதீர்கள். இரும்பை உடல் ஏற்பதை டீ தடுக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கலாம்.