டார்பிடோவும் அணியக் கோணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலை இயக்கும் கணினி விளையாட்டை ஆடி வருகிறேன். தானாகக் குறிவைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, நானே கணக்கிட்டு ஏவுகிறேன். எதிரிக் கப்பல் விலாவைக் காட்டியபடி குறுக்கே செல்லும்போது டார்பிடோ (நீருக்கடியில் ஓடிச் சென்று தாக்கும் குண்டு) தவறாமல் தாக்குகிறது. சாய்வாக வரும்போது பெரும்பாலும் தவறிவிடுகிறது. சாய்ந்த கோணத்துக்குக் கணக்கு வேறா?
– கல்லூரி மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: கணக்கு ஒன்றுதான். அதில் நீங்கள் இடும் எண்களின் பிழையை ஒவ்வொரு கோணமும் எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

நீங்கள் இருக்கும் இடம், கப்பல் இப்போது இருக்கும் இடம், டார்பிடோவும் கப்பலும் சந்திக்கப்போகும் இடம் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். நம் கரையோர மீனவர்கள் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்கள். அந்த நல்ல சொல்லையே எடுத்துக்கொண்டு, கப்பலின் அணியம் நோக்கும் திசைக்கும், கப்பலிலிருந்து உங்களை நோக்கி வரும் பார்வைக் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை அணியக் கோணம் என்று அழைப்போம். கப்பலைக் காணும் திசையிலிருந்து எத்தனை டிகிரி முன்தள்ளி ஏவ வேண்டும் என்பது முந்து கோணம். கப்பலின் வேகத்தை டார்பிடோவின் வேகத்தால் வகுத்து, அணியக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், முந்து கோணத்தின் சைன் மதிப்பு கிடைத்துவிடும். இந்தச் சூத்திரத்தில் தூரம் இடம்பெறவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜெர்மானியரின் ஜி7இ மின்கல டார்பிடோ 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வேகத்தில் ஓடும். இலக்கு 10 நாட் வேகத்தில் செல்லும் 130 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல் என்றும், அது 1,000 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்றும் கொள்வோம். அணியக் கோணம் 90 டிகிரி என்றால் முந்து கோணம் 19.5 டிகிரி. உண்மையில் அது 80 டிகிரியாக இருந்திருந்தால் சரியான விடை 19.2 டிகிரி. அணியக் கோணத்தில் நீங்கள் பத்து டிகிரி பிழை செய்தும், டார்பிடோ கப்பலின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர்தான் விலகும். இப்போது சாய்ந்து வரும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி என்று நீங்கள் மதிப்பிட்டது உண்மையில் 55 டிகிரி என்றால், முந்து கோணம் 13.6 டிகிரிக்குப் பதிலாக 15.8 டிகிரியாக இருந்திருக்க வேண்டும். விலகல் ஏறத்தாழ நாற்பது மீட்டராகிவிடும். நடுப்பகுதியைக் குறிவைத்தால் இருபுறமும் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 65 மீட்டர்தான். வேக மதிப்பீட்டில் ஒரே ஒரு நாட் தவறினாலும், டார்பிடோ ஓடும் ஒரு நிமிடத்தில் மேலும் முப்பது மீட்டர் அளவுக்கு இலக்கு நகர்ந்துவிடும். இரு பிழைகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் சாய்ந்த ஏவல் கப்பலைத் தொடாமலே போய்விடும். அதே பிழைகளுடன் குறுக்கு ஏவல் விலாவில் தாக்கிவிடும். உங்கள் அனுபவத்துக்கு முழுக் காரணமும் இதுதான்.

ஆகவே, கப்பல் கண்ணில் பட்டவுடன் ஏவாமல், அதன் பாதைக்கு முன்னால் சென்று காத்திருங்கள். ஆனால் டார்பிடோ செங்குத்தாகத் தாக்க வேண்டும் என்பதற்காக அணியக் கோணம் 90 ஆகும்வரை காத்திருப்பதும் தவறு. மேற்சொன்ன வேகங்களில் அது ஏறத்தாழ 72 டிகிரியை எட்டும்போதே ஏவிவிட வேண்டும்; டார்பிடோ சென்று சேரும்போது தாக்கும் கோணம் செங்கோணமாக அமையும்.

கேள்வி: பெரிஸ்கோப்பில் பார்த்து அணியக் கோணத்தை மதிப்பிட எனக்குச் சற்றும் கைவரவில்லை. பழகுவதற்கு வழி உண்டா?
– வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: உங்களுக்கு வாய்த்த பயிற்சிக்களம் பலருக்குக் கிடைக்காது. மாலையில் வெள்ளிக் கடற்கரையில் நின்று, கடலில் செல்லும் விசைப்படகுகளைப் பாருங்கள். ஒரு படகைத் தேர்ந்துகொண்டு, அதன் அணியம் உங்களிடமிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சில நிமிடங்கள் கழித்து அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், உங்கள் மதிப்பீடு சரியா என்பது தெரிந்துவிடும்.

பார்வைக்குத் தெரியும் நீளம் அணியக் கோணத்தின் சைன் மதிப்பைப் பின்பற்றும். பாதி நீளம் மட்டும் தெரிந்தால் கோணம் 30 டிகிரி, அல்லது கப்பல் விலகிச் செல்வதானால் 150 டிகிரி. 60 டிகிரியிலேயே 87 விழுக்காடு நீளம் தெரிந்துவிடுவதால், 60-க்கும் 90-க்கும் இடையே கண்ணால் பிரித்தறிவது கடினம். நீங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். ஆனால் கண் ஏமாறும் இதே பகுதியில்தான் கணக்கும் பிழையை மிகுதியாகப் பொறுத்துக்கொள்கிறது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. கப்பலின் முன்னும் பின்னும் உள்ள இரு கம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், கப்பல் நேரே உங்களை நோக்கியோ உங்களிடமிருந்து விலகியோ செல்கிறது என்று பொருள்.

வேகத்தை அளப்பது இதைவிட எளிது. உங்கள் கப்பலை நிறுத்திவிட்டு, பெரிஸ்கோப்பை அசைக்காமல், அதன் செங்குத்துக் கோட்டை அணியம் தொட்ட கணத்திலிருந்து அமரம் கடக்கும் கணம்வரை விநாடிகளை எண்ணுங்கள். 130 மீட்டர்க் கப்பல் 25 விநாடிகளில் கடந்தால் அதன் வேகம் 10 நாட். அணியக் கோணமும் தூரமும் எதுவாக இருந்தாலும் இந்த முறை மாறாது.

கேள்வி: பசிபிக் களத்தில் அமெரிக்க நீர்மூழ்கியை இயக்குகிறேன். செங்கோணத்தில் மிகச் சரியாகத் தாக்கும் டார்பிடோக்கள் வெடிக்காமல் போகின்றன. இது விளையாட்டின் குறைபாடா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: குறைபாடு வரலாற்றில் இருந்தது, விளையாட்டு அதை நேர்மையாகக் காட்டுகிறது. அமெரிக்கரின் மார்க் 14 டார்பிடோ 46 நாட் வேகத்தில் ஓடியது. அந்த வேகத்தில் செங்குத்தாக மோதும்போது, வெடிமுனையின் தாக்கூசி நகரும் வழி நெரிந்து, ஊசி வெடிமருந்தைப் போதிய விசையுடன் தட்டாமலே நின்றுவிடும். சாய்வாக மோதினால் அதிர்ச்சி குறைந்து, வெடிமுனை இயங்கும் வாய்ப்பு கூடும். 1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற நீர்மூழ்கி, டோனான் மாரு 3 என்ற பெரும் எண்ணெய்க் கப்பலின்மீது வசதியற்ற சாய்கோணத்திலிருந்து ஏவியவற்றில் இரண்டு வெடித்து, அதை நிறுத்தின. அசையாமல் நின்ற அந்தக் கப்பலின் விலாவில், பாடநூல் சொல்லும் செங்கோணத்திலிருந்து அடுத்தடுத்து ஏவியவையோ மோதியும் வெடிக்கவில்லை. அதன் தலைவர் டாஸ்பிட், கடைசி டார்பிடோவை ஏவாமல் ஆய்வுக்காகத் திருப்பிக் கொண்டுவந்தார். அதன் பிறகே ஹவாயில் கஹோலாவே தீவின் பாறைச் சுவரில் ஏவியும், உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மீது போட்டும் குறையைக் கண்டறிந்து, அந்த ஆண்டின் பிற்பகுதியில் திருத்தினார்கள். நல்ல கோணம் தேடிச் சென்ற மாலுமிகளையே அந்தக் கருவி தண்டித்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஆட்டம் அந்தத் திருத்தத்துக்கு முற்பட்ட மாதங்களில் நடக்கிறது என்றால், தாக்கும் கோணம் 45 முதல் 60 டிகிரிக்குள் இருக்குமாறு நெருங்கிச் சென்று ஏவுங்கள்.

கேள்வி: கப்பலைத் திருப்பாமலே, கைரோ கோணத்தை (குழாயிலிருந்து வெளிவந்த பின் டார்பிடோ தானாகத் திரும்ப வேண்டிய கோணம்) மட்டும் மாற்றிப் பக்கவாட்டில் ஏவலாமா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: ஏவலாம், ஆனால் தூரத்தைத் துல்லியமாக அறிந்திருக்க வேண்டும். குழாயிலிருந்து வெளிவரும் டார்பிடோ முதலில் சிறிது தூரம் நேராக ஓடி, பிறகு வளைந்து திரும்பி, அதன் பிறகே இறுதித் திசையில் செல்லும். எனவே அதன் இறுதிப் பாதை பெரிஸ்கோப் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவதில்லை. முதல் பதிலில் தூரம் தேவையில்லை என்று சொன்னது கைரோ கோணம் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் மட்டுமே பொருந்தும். கோணம் கூடக் கூட, தூர மதிப்பீட்டின் பிழையும் குறியைக் கெடுக்கத் தொடங்கும். நேரம் இருந்தால் கப்பலைத் திருப்பி 20 டிகிரிக்குள் கொண்டுவாருங்கள். நேரம் இல்லையென்றால், ஒன்றுக்குப் பதில் இரண்டு டார்பிடோக்களை, ஒன்றை அணியத்துக்குச் சற்றுப் பின்னும் மற்றொன்றை அமரத்துக்குச் சற்று முன்னும் குறிவைத்து ஏவுங்கள்.