கூப்பிட ஒருவர், காத்திருக்க ஒருவர்: மாணவர் தொண்டு பற்றிய கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தில் தமிழாசிரியையாக இருந்தேன். பதினொரு ஆண்டுகள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டமும் என் பொறுப்பில் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் எதற்காக ஊர்வேலைக்கு வருகிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இனிப் பதில்கள்.

வேலந்தாவளம், இரண்டாம் ஆண்டு மாணவி: டீச்சர், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கிரேஸ் மார்க்குக்காகத்தான் பெயர் கொடுத்தார்கள். இதைத் தொண்டு என்று சொல்லலாமா?

பெயர் கொடுத்த காரணத்தை வைத்து யாரையும் எடை போடாதே அம்மா. 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் இந்தத் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேர வேலை, ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. வெறும் மதிப்பெண்ணுக்காக 240 மணி நேரம் வெயிலில் நிற்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கிளாரி, ஸ்னைடர் முதலான அமெரிக்க உளவியலாளர்கள் தொண்டர்களின் நோக்கங்களை ஆறாகப் பிரித்து 1998இல் எழுதினார்கள்: பிறர்மேல் உள்ள அக்கறை, கற்கும் ஆசை, நண்பர்களும் உறவினர்களும் மதிப்பார்கள் என்ற எண்ணம், வேலைவாய்ப்பு, சொந்தக் கவலையிலிருந்து விடுதலை, தன்மேல் மதிப்புக் கூடுவது. ஒரே பிள்ளையிடம் இவற்றில் மூன்று நான்கு சேர்ந்தே இருக்கும். உன் தோழிகளை முகாமின் ஐந்தாம் நாள் மறுபடி கேட்டுப் பார். வேறு பதில் வரும்.

கொழிஞ்சாம்பாறை, ஒரு தாய்: என் மகள் சனிக்கிழமைதோறும், படுத்த படுக்கையான நோயாளிகளின் வலி தணிக்கும் பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போகிறாள். படிப்பு என்ன ஆகும்? அங்கே அவளுக்கு என்னதான் கிடைக்கிறது?

உங்கள் கவலை நியாயமானது. அங்கே என்ன கிடைக்கிறது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

பனங்காட்டை ஒட்டிய ஓட்டு வீடு. உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பாட்டி, புற்றுநோய். செவிலியர் ஒற்றப்பாலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. வலி எங்கே என்று மலையாளத்தில் இரண்டு முறை கேட்டார். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். என்னோடு வந்த முதலாண்டு மாணவி கட்டிலருகே குந்தி உட்கார்ந்து, "எங்கே பாட்டி வலிக்கிறது?" என்று கேட்டாள். பாட்டி அவள் கையைப் பிடித்துத் தன் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அங்கே படுக்கைப்புண் தொடங்கியிருந்தது. அதுவரை யாருக்கும் தெரியாது. புண்ணைத் துடைத்து மருந்து வைத்து முடியும்வரை பாட்டி அந்தக் கையை விடவில்லை.

ஜீப்பில் திரும்பும்போது அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இறங்கும்போது, "அடுத்த சனிக்கிழமையும் இந்த வீடுதானே டீச்சர்?" என்றாள். அவளும் மதிப்பெண்ணுக்காகப் பெயர் கொடுத்தவள்தான். தான் போகாவிட்டால் அந்த வீட்டில் ஒரு குறை இருக்கும் என்பது தெரிந்துவிட்டது. அதன்பின் யாரும் அவளை அழைக்க வேண்டியிருக்கவில்லை.

1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்புப் பணி கேரளம் முழுக்கப் பரவியது தொண்டர்களால்தான். அரசு அதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது 2008இல். உங்கள் மகள் அந்த வரிசையில் நிற்கிறாள். வாரத்தில் ஒரு அரை நாளால் படிப்புக் கெடாது. ஆனால் சாவை அருகில் பார்க்கிற வயதா இது என்று உங்களுக்குள் ஒரு பயம் இருக்குமே, அதைத் தள்ளிவிடாதீர்கள். அவள் திரும்பி வந்ததும் சாப்பாடு போட்டு, அன்றைக்கு யாரைப் பார்த்தாள் என்று கேளுங்கள். அவள் பேசட்டும்.

ஒரு இளம் விரிவுரையாளர்: எல்லா மாணவர்களும் தொண்டு செய்வதைக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன?

எனக்கு இதில் உடன்பாடில்லை. கட்டாயத் தொண்டு பற்றி 1999இல் வந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். வெளியிலிருந்து நெருக்குகிறார்கள் என்று உணர்ந்த மாணவர்களுக்குப் பின்னாளில் தொண்டு செய்யும் எண்ணமே குறைந்துபோனது. என்ன செய்வது என்பதில் தேர்வுரிமை கிடைத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே மணிக்கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வேலையை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். நான் கரும்பலகையில் எப்போதும் நான்கைந்து வேலைகள் எழுதிப்போடுவேன். வாய்க்கால் தூர்வாருவதற்குத்தான் முதலில் ஆள் நிறையும். நோயாளி வீட்டுக்குத் தயங்குவார்கள். தயங்கட்டும், துரத்தக் கூடாது.

நெம்மாறை, முன்னாள் மாணவர்: 2018 வெள்ளத்தில் கூப்பிடாமலே எல்லோரும் ஓடிவந்தோம். அடுத்த ஆண்டு மரம் நட ஆள் இல்லை. நாங்கள் மாறிவிட்டோமா?

இல்லை தம்பி. அந்த ஆகஸ்டில் அரிசி மூட்டை பிரித்ததும், சேறு படிந்த வீடுகளைக் கழுவியதும் நீங்கள்தான். துன்பம் கண்முன் நின்றால் யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஆனால் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் ஒரு முதியவரின் துன்பத்தைச் செய்தியில் காட்டமாட்டார்கள். அங்கே யாராவது வாய்விட்டுக் கூப்பிட வேண்டும்.

ஒருமுறை அரசு விண்ணப்பங்களைப் பதிவு செய்யும் அக்ஷயா மையத்தில் தமிழ் முதியவர்களுக்கு மலையாளப் படிவம் நிரப்பித்தர ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் வகுப்புக்கே போய், "உனக்கு இரண்டு மொழியும் எழுத வருமே, வியாழக்கிழமை வருவாயா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பத்தொன்பது பேர் வந்தார்கள். தன்னிடம் உள்ள ஒன்றைப் பார்த்து ஒருவர் கேட்கிறார் என்றால் பிள்ளைகளுக்கு மறுக்க மனம் வராது. எல்லைப்புறத்தில் பிறந்ததால் வந்த இரண்டு மொழியைச் சுமையாக நினைத்திருந்தவர்கள், அன்று அதே மொழிகளால் ஓய்வூதியப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

இன்னொரு மாணவர்: வேலைக்கு மனுப்போடும்போது இதைச் சொல்லலாமா?

தாராளமாக. "தொண்டு செய்தேன்" என்று மட்டும் எழுதாமல், என்ன செய்தாய், எத்தனை மாதம் என்று எழுது.

கோபாலபுரம், மாணவி: எனக்குப் போக ஆசை. வீட்டில் பெண்பிள்ளையை அனுப்பமாட்டோம் என்கிறார்கள்.

இதற்கு உன்னைச் சண்டை போடச் சொல்லமாட்டேன். உன் திட்ட அலுவலரை வீட்டுக்கு அழைத்துப் போ. நான் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்ற மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் பெரும்பாலான அம்மாக்கள் இறங்கி வருவார்கள். இரண்டு பேராகவே போங்கள். ஐந்து மணி பஸ்ஸுக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உன் அம்மாவையே ஒருநாள் கூட்டிப் போ. அப்படி வந்த ஓர் அம்மா பிறகு மகள் இல்லாத நாட்களிலும் எங்களோடு வந்தார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்: கல்லூரி முடிந்ததும் எல்லாம் நின்றுவிட்டது டீச்சர். மனது உறுத்துகிறது.

உறுத்துகிறதென்றால் அங்கே உனக்கு யாரோ இருந்தார்கள். நீ கணக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பையன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். உன்னைப் பற்றி என்னிடம் இரண்டு முறை கேட்டான். வாளையார் தாண்டினால் பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவன் வீட்டில்தான் இருப்பான்.