பூஞ்சையிலும் நம்மிலும் ஒரே நொதி

கேள்வி: பூஞ்சைத் தொற்றுக்கு டாக்டர் ஃபுளுகோனசோல் எழுதியிருக்கிறார். அது பூஞ்சையின் ஒரு நொதியை முடக்குமாம். அதே நொதி நம் உடம்பிலும் இருக்கிறதாமே, பயமாக இருக்கிறது. போடலாமா?
– ஒரு வாசகி

பதில்: இருப்பது உண்மைதான். லானோஸ்டிரால் 14-ஆல்ஃபா டீமெத்திலேஸ் என்பது முழுப்பெயர். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சிப்-51 என்போம். செடி, காளான், மனிதர் எல்லோரிடமும் உண்டு. ஸ்டீராலே (கொலஸ்டிரால் போன்ற கொழுப்பு வகை) தயாரிக்காத காசநோய்க் கிருமியிலும் இருக்கிறது; அது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

இந்த நொதி வேலை செய்வது லானோஸ்டிரால் என்ற ஸ்டீரால்மேல். அந்த வேலையைக் காட்ட, வகுப்பில் பந்தும் குச்சியுமாக லானோஸ்டிரால் மூலக்கூறின் மாதிரி ஒன்றைச் செய்து மேசைமேல் வைப்பேன். படியாது, ஆடும். 14-ஆவது கார்பனின் அடியில் ஒரு மீதைல் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) துருத்திக்கொண்டிருக்கும். ஒரு மாணவியைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொல்வேன். அப்புறம் பாருங்கள், சமமாகப் படிந்து உட்காரும். செல் சவ்வில் கொழுப்புச் சங்கிலிகளோடு ஒட்டி நிற்க அந்தச் சமதளம் வேண்டும். நொதி கழற்றுவதும் அந்த ஒரு தொகுதியைத்தான். மூன்று ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைச் செலவழித்து, ஃபார்மிக் அமிலமாக வெளியேற்றிவிடுகிறது. மிச்ச வேலைகளும் முடிந்தால் நமக்குக் கொலஸ்டிரால், பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால்.

நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. ஆக்ஸிஜன் வந்து உட்கார வேண்டிய இடம் அது. ஃபுளுகோனசோலின் ஒரு நைட்ரஜன் அணு அதைப் பிடித்துக்கொண்டால் ஆக்ஸிஜனுக்கு இடமில்லை. எர்கோஸ்டிரால் குறைந்து, கழற்றப்படாத ஸ்டீரால்கள் சவ்வில் சேர, பூஞ்சையின் வளர்ச்சி நின்றுபோகிறது.

சரி, நம் நொதி எப்படித் தப்பிக்கிறது? பூஞ்சை நொதியையும் மனித நொதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அமினோ அமில வரிசையில் பாதிக்குமேல் வேறுபடும். வேலை ஒன்றுதான், ஆனால் மருந்து நுழையும் குழி வேறு. பூஞ்சையின் குழியில் கச்சிதமாகப் பொருந்துகிற மருந்து நம்முடையதில் சரியாகப் பொருந்துவதில்லை. அதனால் சிப்-51 பற்றிப் பயப்பட வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போடுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் சில இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃபுளுகோனசோல் அவற்றில் சிலவற்றைத் தடுத்துவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அந்த மருந்து உடம்பில் தேங்கி இரத்தக்கசிவு வரலாம். கொலஸ்டிராலுக்கான சிம்வாஸ்டாட்டினும் அப்படித்தான் தேங்கும். நீங்கள் வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அந்தப் பட்டியலை, முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.