“உங்களுக்குப் பிறகு நான் என்ன செய்வேன்?”

கேள்வி: எனக்கு 50 வயது, கணவருக்கு 56. மகளுக்குத் திருமணமாகிவிட்டது, மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஓய்வு பெற்றதும், தாம் சம்பாதித்துக் கட்டிய மதுரை வீட்டை விற்றுவிட்டுச் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊரில் குடியேற வேண்டும் என்கிறார் கணவர். “உங்களுக்குப் பிறகு நான் அங்கே தனியாக என்ன செய்வேன்?” என்று கேட்டால், “நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு?” என்று எழுந்து போய்விடுகிறார். இந்த வயதில் இதைப் பேசுவது தவறா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: தவறே இல்லை, சகோதரி, பேச வேண்டிய வயதே இதுதான். முதுமையைப் பற்றி யோசிக்கும் தம்பதியர் பலரும், இருவரும் நடமாட்டத்தோடு சேர்ந்திருக்கும் காலத்தையே மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். உங்கள் கணவரின் ஊராசையும் அப்படிப்பட்டதே, அதில் குற்றமில்லை. ஆனால், நம் வீடுகளில் பெரும்பாலும் மனைவிதான் வயதில் இளையவர். பெண்களின் சராசரி ஆயுளும் ஆண்களைவிடக் கூடுதல் என்பதால், கடைசிச் சில ஆண்டுகளைத் தனியாகக் கழிக்க நேர்பவர் பெரும்பாலும் மனைவியாகவே இருக்கிறார். அந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துத் திட்டமிடுவது உங்கள் கணவரின் கடமை.

வீடு அவர் பெயரில் மட்டும் இருந்து, உயில் எழுதாமல் அவர் காலமானால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும், மகனுக்கும், மகளுக்கும், அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் சமபங்குதான் உண்டு. வீடு முழுவதும் தமக்கே வரும் என்று நம்பியிருந்து, பிறகு பிள்ளைகளின் கையெழுத்துக்காகக் காத்து நிற்கும் பெண்களை நினைத்தால் மனம் வலிக்கிறது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் ஒன்று இதைத் தவிர்க்கும். அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், செய்துவிடுவது நல்லது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பதாலேயே அந்தப் பணம் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பேச்சை மரணத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரம், வைப்புத்தொகை ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்து, “எது எதற்கு என்று எனக்கும் சொல்லிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபி முதல் மின்கட்டணம் வரை எல்லாம் அவருடைய கைபேசி ஒன்றையே நம்பியிருப்பது அப்போது அவருக்கே புரியும். உயில் பற்றிய பேச்சு அங்கிருந்து இயல்பாக வரும்.

ஊருக்குப் போவதைப் பொறுத்தவரை, மதுரை வீட்டை உடனே விற்க வேண்டாம். வாடகைக்கு விட்டுவிட்டு, ஊரில் ஒரு வருடமாவது இருந்து பாருங்கள். இரவில் நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது, யார் வண்டி எடுத்து வருவார், நீங்கள் மட்டும் இருந்தால் பேச்சுத்துணைக்கு யார் என்பதெல்லாம் அங்கே வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். அதுவரை வீட்டை விற்பதற்காக யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம் என்று கணவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.