நடுவர் நாற்காலியில் யார்?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ‘பார்வையற்றோருக்கான கைத்தடி’, ‘மாத்திரை நேரத்தை நினைவூட்டும் டப்பா’ என்று பிள்ளைகள் எதையாவது செய்து வைக்கிறார்கள். பரிசு வாங்கியதும் அது பரணுக்குப் போய்விடுகிறது. இதனால் ஒரு நோயாளிக்காவது பயன் உண்டா? என் மகனும் இப்போது மாத்திரை டப்பா செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான்.
— ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பரணுக்குப் போவது உண்மைதான். ஆனால் அந்தப் பழியைப் பிள்ளைகள் தலையில் போடாதீர்கள்.

சென்ற ஆண்டு சென்னைப் பள்ளி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பிளாஸ்டிக் குழாயில் சென்சாரும் பஸ்ஸரும் பொருத்திக் கைத்தடி செய்திருந்தாள். எதிரே எது வந்தாலும் ‘பீப், பீப்’ என்று கத்தியது. “பார்வையற்றவர் யாராவது இதைப் பிடித்து நடந்து பார்த்தாரா?” என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது. “எனக்கு அப்படி யாரையும் தெரியாது சார். துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்து பார்த்தேன்” என்றாள். தன்னால் முடிந்ததை அவள் செய்திருக்கிறாள். மின்சார ரயில் நிலையம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. அந்த ரயில்களில் தினமும் பேனாவும் கடலைமிட்டாயும் விற்கும் பார்வையற்றவர்களிடம் அவளை அழைத்துப் போக ஓர் ஆசிரியருக்கும் தோன்றவில்லை. கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் எல்லோரும் வந்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் பேனா விற்ற ஒருவரிடம் நானே கேட்டேன். “சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் வண்டி வருவது எனக்கு எப்படிக் கேட்கும்? எனக்குக் காதுதானே கண்” என்றார். பிறகு நெற்றித் தழும்பைத் தடவிக் காட்டினார். “பள்ளத்தைத் தடி சொல்லிவிடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் போர்டைத்தான் சொல்லாது.”

இதையே காது கொடுத்துக் கேட்டவர்களும் மாணவர்கள்தாம். 2000-களின் நடுவில் டெல்லி ஐ.ஐ.டி.யில் இளநிலை மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கியதுதான் ‘ஸ்மார்ட்கேன்’. சாதாரணக் கைத்தடி முழங்காலுக்குக் கீழே உள்ளதைத்தான் தொட்டுச் சொல்லும். இது முழங்காலுக்கு மேலே, 3 மீட்டர் வரை உள்ள தடையை ஒலியலையால் கண்டுபிடித்து, கைப்பிடியின் அதிர்வால் உணர்த்தும். காது காதாகவே இருக்கும். பார்வையற்றவர்கள் நடந்து பார்த்துக் குறை சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். பேராசிரியர்கள் கைவிடவில்லை. தயாரிக்க முன்வந்தது நம் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். 2014-இல் சுமார் 3,000 ரூபாய்க்கு வெளிவந்தது. புராஜெக்டுக்கும் கடைக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் பாருங்கள்! நாமோ ஒரு சனிக்கிழமைக் கண்காட்சியோடு கடையைக் கட்டிவிட்டு, பயன் எங்கே என்று பிள்ளையைக் கேட்கிறோம்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை என்னைப் போன்றவர்களை நடுவராக அழைக்காதீர்கள். கைத்தடிக்கு அந்தப் பேனாக்காரரைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் வியாபாரம் கெடுமே, அதற்கான பணத்தையும் மரியாதையாகக் கொடுங்கள்.

உங்கள் மகனைத் தடுக்காதீர்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் பாட்டி ஒருவர் நிச்சயம் இருப்பார். டப்பாவைப் பத்து நாள் அவரிடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். மூடியைத் திறக்க அவர் விரலில் பலம் இருக்கிறதா, மணி அடிப்பது அடுக்களை வரை கேட்கிறதா, மாத்திரையைத் தாளோடு வெட்டிப் போடுகிறாரா பிரித்துப் போடுகிறாரா என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பதினோராம் நாள் என்ன மாற்றினான் என்று எனக்கு எழுதுங்கள்.