ஒரே ஒரு சிலந்தி

அன்புள்ள ஐயா,

முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆளில்லாத் தீவு ஒன்றில் பன்னிரண்டு நாள் தங்கிக் கள ஆய்வு செய்ய நாங்கள் ஐந்து பேர் கிளம்புகிறோம். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் திட்ட அறிக்கையில் "தீவின் செடிகள், பறவைகள், பூச்சிகளைப் பட்டியலிடுதல்" என்று எழுதியிருந்ததைப் பார்த்த மூத்த ஆய்வாளர் ஒருவர், "பட்டியல் போடுவது ஆராய்ச்சியா? ஒரு கேமராவும் ஒரு மதியப்பொழுதும் போதுமே" என்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம். எல்லோரும் தேடி முடித்த பிறகு, பன்னிரண்டு நாளில் மாணவர்கள் புதிதாக என்ன கண்டுபிடித்துவிட முடியும்?

இன்னொன்று. குழுவில் ஒருத்தி கணிதம் படிக்கிறாள். ஒரு செடியின் பெயரும் அவளுக்குத் தெரியாது. படகில் அவளுக்கு ஓர் இடம் கொடுப்பது வீண் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பட்டியல் ஆராய்ச்சியா என்று வாதாடுவதைவிட ஒரு பட்டியலையே காட்டிவிடுகிறேன். அதைவிடச் சின்னப் பட்டியல் இருக்க முடியாது.

1883 ஆகஸ்டில், இந்தோனேசியாவில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவிலுள்ள சுந்தா நீரிணையில், கிரகட்டோவா என்ற எரிமலைத் தீவு வெடித்தது. தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. மிஞ்சிய துண்டைச் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதத்தில், எட்மண்ட் கோட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே இறங்கி உயிர் ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். மிகச் சிறிய சிலந்தி ஒன்று கண்ணில் பட்டது. ஒரே ஒன்று. வலை பின்னிக்கொண்டிருந்தது. இரையே இல்லாத இடத்தில் அது யாருக்காக வலை பின்னியது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். அதுவே நூல் விட்டுக் காற்றில் மிதந்து வந்தது. அதே காற்று பூச்சிகளையும் கொண்டுவந்து போடும் என்ற நம்பிக்கையோ என்னவோ.

நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தச் சிலந்தியைப் பற்றிப் பேசுகிறோம். அது அபூர்வமான சிலந்தி என்பதால் இல்லை. அதைச் சுற்றி வேறெதுவும் இல்லை என்று அவர் எழுதி வைத்தாரே, அதற்காக. 1886இல் தாவரவியலாளர் டிரெய்ப் போனபோது சாம்பல்மேல் நீலப்பச்சைப் பாசி படிந்திருந்தது, பெரணிகள் முளைத்திருந்தன. அரை நூற்றாண்டுக்குள் காடு மூடிக்கொண்டது. வெறும் தரையில் ஒரு காடு எப்படி உருவாகிறது என்ற கதையை நம்மால் முதலிலிருந்து படிக்க முடிகிறதென்றால், அதன் முதல் வரி "ஒன்றுமில்லை, ஒரு சிலந்தியைத் தவிர" என்பதுதான்.

உங்கள் மூத்தவர் சொன்ன கேமராவால் இந்த வரியை எழுத முடியாது. இருப்பதைத்தான் கேமரா எடுக்கும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாணவனாக இருந்தபோது நானும் ஒரு சின்னத் தீவில் ஆறு நாள் கிடந்தேன். பறவை இத்தனை, செடி இத்தனை என்று பெருமையாக ஒரு நோட்டோடு திரும்பினேன். பல வருடம் கழித்து அதே தீவுக்குப் போய்வந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: "நீங்கள் போனபோது அங்கே அரணை இருந்ததா சார்? இப்போது எந்தக் கல்லைத் தூக்கினாலும் அரணையாக இருக்கிறது." நோட்டைத் தேடி எடுத்தேன். அரணை என்ற சொல்லே அதில் இல்லை. அப்போது அரணை இல்லையா, அல்லது ஆறு நாளும் பறவையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான் ஒரு கல்லையும் புரட்டவில்லையா? எனக்கே தெரியவில்லை. பின்னால் வந்து சேர்ந்த பிராணியா, முன்னாலேயே இருந்ததா என்பது அந்த இளைஞரின் ஆய்வுக்கு முக்கியமான கேள்வி. பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். கையை விரித்தேன்.

ஆகவே நீங்கள் கொண்டுவரும் பட்டியலில் "இல்லை" என்பவற்றுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். அந்த "இல்லை"க்குப் பக்கத்தில், எவ்வளவு தேடி இல்லை என்றும் எழுதுங்கள். "அரணை: இல்லை" என்று மொட்டையாக எழுதினால் பாதிதான் பயன். "வடக்குச் சரிவு, காலை 7 முதல் 9 வரை, இரண்டு பேர், 150 கல் புரட்டியது, அரணை இல்லை" என்றால் இருபது வருடம் கழித்து வருகிறவர் அதே சரிவில் அதே நேரத்தில் 150 கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். (புரட்டிய கல்லைப் பழையபடியே வையுங்கள். அதன் அடியில் குடியிருப்பவர்களுக்கு அது கூரை.)

எந்த நேரத்தில் தேடினோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஆஸ்திரேலியாவை அடுத்த லார்டு ஹோவ் தீவில் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் குச்சிப்பூச்சி ஒன்று இருந்தது. 1918இல் ஒரு கப்பல் அங்கே தரைதட்ட, அதிலிருந்து எலிகள் கரையேறின. பூச்சி அற்றுப்போயிற்று என்று முடிவுகட்டினார்கள். அங்கிருந்து இருபத்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, பால்ஸ் பிரமிட் என்று கடலில் செங்குத்தாக நிற்கும் ஒரு பாறை. 1960களில் அதில் ஏறியவர்கள் செத்த பூச்சிகளைப் பார்த்திருந்தார்கள். உயிரோடு ஒன்றுகூட அகப்படவில்லை. 2001இல் போனவர்களுக்கும் பகலில் கிடைத்தது ஒரு புதருக்கு அடியில் புழுக்கை மட்டும். அதே இடத்துக்கு இருட்டிய பிறகு திரும்ப ஏறினார்கள். புதர்மேல் பூச்சிகள் உட்கார்ந்திருந்தன. அவை இரவில்தான் வெளியே வரும். பிறகு எண்ணிப் பார்த்ததில் மொத்தமே 24. "பகலில் தேடியது, இல்லை" என்று எழுதுவதற்கும் வெறுமனே "இல்லை" என்று எழுதுவதற்கும் நடுவில் ஓர் உயிரினமே இருக்கிறது.

அடுத்தது சீட்டு. மாதிரி எடுத்தால் அந்த நிமிடமே சீட்டு எழுதிக் கட்டிவிட வேண்டும். ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றும். தோன்றும்போதெல்லாம் டார்வினை நினையுங்கள். 1835இல் கலாபகஸில் இறங்கியபோது அவருக்கு 26 வயது, ஏறக்குறைய உங்கள் வயது. ஐந்து வாரம் இருந்தார். ஒவ்வொரு தீவின் ஆமையும் வேறு வேறு, ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவு என்று சொல்லிவிடலாம் என்று அங்கிருந்த துணை ஆளுநர் சொன்னதைக்கூட அவர் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபிஞ்ச் குருவிகளை எந்தத் தீவில் பிடித்தது என்று குறிக்காமல் கலந்துகட்டி மூட்டை கட்டிவிட்டார். 1837இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கோல்டு அவற்றைப் பிரித்துப் பார்த்து, இவை நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகுதான் டார்வினுக்கு உறைத்தது. கப்பலில் கூட வந்த மற்றவர்கள் தங்கள் குருவிகளுக்கு ஒழுங்காகச் சீட்டு கட்டியிருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு வாங்கிச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அவருடைய வேலைக்காரருடைய சேகரிப்பும் அதில் சேர்த்தி. இந்தக் கடைசி விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதிதாக என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று கேட்கிறீர்கள். அது உங்கள் கையில் இல்லை. நீங்கள் அளந்து வைப்பது எதற்கு முந்தைய அளவு என்பது பிறகுதான் தெரியவரும். அதே கலாபகஸில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சிறு எரிமலைத் தீவு. 1973இலிருந்து கிராண்ட் தம்பதி அங்கே குருவிகளை ஆராய்ந்துவந்தார்கள். அவர்களிடம் ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் போக், குருவியைப் பிடிப்பது, காலில் வளையம் மாட்டுவது, அலகை அளப்பது, விடுவது என்று இதையே செய்துகொண்டிருந்தார். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, உடைக்கக் கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்ற இனத்துக் குருவிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் மறைந்துபோயின. தப்பியவற்றின் அலகு, சராசரியாக, முன்பிருந்ததைவிடப் பெரியது. இயற்கைத் தேர்வு நடப்பதை அளவுகோலோடு நேரில் பார்க்க முடிந்தது. பஞ்சம் வரும் என்று யாரும் திட்ட அறிக்கையில் எழுதவில்லை. பஞ்சத்துக்கு முன்பே, ஒன்றும் நடக்காத நாட்களில் அலகுகளை அளந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சேகரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெக்சிகோவைச் சேர்ந்த குவாடலூப்பே தீவில் கரகரா என்ற ஒரு வகை வேட்டைப்பறவை இருந்தது. 1900 டிசம்பரில் ஒரு சேகரிப்பாளர் அங்கே இறங்கினார். பதினொரு பறவைகள் அவரை நோக்கிப் பறந்து வந்தன. இத்தனை கூசாமல் வருகின்றனவே, தீவு முழுக்க நிறைய இருக்கும் என்று நினைத்து ஒன்பதைச் சுட்டார். அதன் பிறகு அந்தப் பறவையைப் பார்த்ததாக நம்பத்தகுந்த பதிவு இல்லை. தீவுப் பிராணிகளுக்கு மனிதனிடம் அச்சம் குறைவு. இருப்பதெல்லாம் கண்ணெதிரே வந்து நிற்கும். நாம் அதை ஏராளம் என்று எடுத்துக்கொள்வோம். படமும் உதிர்ந்த இறகும் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொண்டுபோவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐஸ்லாந்தை ஒட்டி 1963இல் கடலுக்குள்ளிருந்து எரிமலையாக எழுந்த சுர்ட்சி தீவில், எந்த விதை எப்போது தானாக வந்து சேர்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவந்தார்கள். ஒருநாள் அங்கே தக்காளிச் செடி ஒன்று முளைத்திருந்தது. விசாரித்ததில், ஆய்வுக்கு வந்த ஒருவர் ஒதுக்குப்புறமாக ஒதுங்கிய இடம் அது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினார்கள். காலுறை, பையின் ஒட்டுப்பட்டை, கூடாரத்தின் மடிப்பு, எல்லாவற்றையும் கரையிலேயே உதறிச் சீவிப் பார்த்துவிடுங்கள். பெட்டிகளை மூடியே படகில் ஏற்றுங்கள். எலிக்கு ஒரு திறந்த பெட்டி போதும். மற்றபடி தண்ணீர், மருந்து, திரும்பிவரும் படகு பற்றி உங்களுக்கு அனுமதி கொடுத்தவர்களே நிறையச் சொல்லியிருப்பார்கள்.

இனி கணிதத் தோழி.

1960களில் ஹார்வர்டில் எட்வர்ட் வில்சன் என்ற எறும்பு ஆய்வாளருக்கு ஓர் ஆசை. கிரகட்டோவாவை வெடிக்கவைக்காமலே கிரகட்டோவாவைச் செய்து பார்க்க வேண்டும். ஃப்ளோரிடாவின் கரையோரத்தில் பத்து இருபது மீட்டர் அகலமே உள்ள அலையாத்தித் திட்டுகள் சிலவற்றைத் தேர்ந்தார். ஒவ்வொன்றிலும் இருக்கும் பூச்சி, சிலந்தி வகைகளை இலை இலையாகத் தேடிப் பட்டியலிட்ட பிறகு, திட்டையே கூடாரத்தால் மூடி, வீடுகளில் பூச்சி ஒழிக்கிறவர்களைக் கொண்டு புகை போட்டுக் காலியாக்கினார். பிறகு யார் யார் திரும்பி வருகிறார்கள் என்ற கணக்கு. ஓராண்டுக்குள் இன எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்துவிட்டது, கரையிலிருந்து மிகத் தள்ளியிருந்த திட்டைத் தவிர. ஆனால் வந்தவற்றில் பல பழைய இனங்கள் அல்ல. எண்ணிக்கை ஒன்று, ஆட்கள் வேறு. சேற்றில் நின்று இந்தக் கணக்கை எடுத்தவர் டேனியல் சிம்பர்லாஃப், வில்சனின் ஆய்வு மாணவர். இளங்கலையில் அவர் படித்தது கணிதம்.

உங்கள் தீவில் ஷியர்வாட்டர் மாதிரி மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவை இருந்தால், தோழிக்குப் பன்னிரண்டு நாளும் வேலை இருக்கிறது. வளைக்குள் பறவை இருக்கிறதா என்று கைவிட்டுத் துழாவுவது பறவைக்கும் நல்லதல்ல, உங்கள் விரலுக்கும் நல்லதல்ல. வாயருகே குப்புறப் படுத்துக்கொண்டு, பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட வேண்டும். உள்ளே இருட்டிலிருந்து கரகரவென்று ஒரு பதில் வரும். சில வளையிலிருந்து வராது. ஆளில்லாததாலா, பேச விருப்பமில்லாததாலா? பறவை இருப்பது உறுதியாகத் தெரிந்த சில வளைகளில் நாலைந்து நாள் அதே குரலைப் போட்டு, எத்தனைக்கு எத்தனை பதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதிக்குத்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு வளையில் முப்பது பதில் வந்தால் அங்கே இருப்பது முப்பதல்ல, அறுபது. பறவையின் பெயர் தெரிந்தவர்கள் முப்பதோடு திரும்பிவிடுவார்கள். அவள் விடமாட்டாள். நடக்கும்போது மட்டும் பார்த்து நடக்கச் சொல்லுங்கள், புல்லுக்கு அடியில் முழுக்க வளைகளாக இருக்கும், காலை வைத்தால் கூரை உள்ளே போய்விடும்.

நோட்டையும் அவளிடமே கொடுங்கள். பேனா வேண்டாம், என் ஆறு நாளில் மூன்றாம் நாள் பக்கம் இன்றைக்கும் வெறும் நீலக்கறைதான். பென்சில் நான்கைந்து வாங்கி, ஒன்றை நூலில் கட்டி நோட்டோடு சேர்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் எப்படியும் கடலில் விழும்.