கென்னடி படுகொலை: நினைவில் நிற்பதும் ஆவணத்தில் இருப்பதும்

கேள்வி: 1963இல் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த என் பெரியப்பா, அதிபர் கென்னடி சுடப்பட்டதைத் தொலைக்காட்சியில் நேரலையாகவே பார்த்ததாக உறுதியாகச் சொல்கிறார். உண்மையாக இருக்குமா ஐயா?

பதில்: இருக்க முடியாது. நவம்பர் 22 அன்று பகல் 12.30 மணிக்கு டல்லாஸ் நகரின் டீலி பிளாசாவில் நடந்ததை எந்த நிலையமும் நேரடியாக ஒளிபரப்பவில்லை. ஆடைத் தொழில் செய்துவந்த ஏபிரகாம் சப்ருடர் தம் 8 மி.மீ. கேமராவில் பதிவு செய்த சுமார் 26 விநாடிப் படம், 1975 மார்ச்சில்தான் நாடு தழுவிய தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டை, இரண்டு நாள் கழித்துக் காவல் தலைமையகத்தின் அடித்தளத்தில் ஜாக் ரூபி சுட்டதுதான் நேரலையில் வந்தது. பெரியப்பா பொய் சொல்லவில்லை. பின்னாளில் பலமுறை பார்த்த படம் அந்த முதல் நினைவோடு கலந்துவிட்டிருக்கலாம்.

கேள்வி: ஒரே தோட்டா கென்னடியையும், அதே காரில் அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியையும் துளைத்தது என்பதை எப்படி நம்புவது? நடுவழியில் அது திரும்பியிருக்க வேண்டுமே?

பதில்: இருவரும் ஒரே உயரத்தில், நேர் முன்னும் பின்னுமாக அமர்ந்திருந்ததாக வரைந்தால்தான் தோட்டா திரும்ப வேண்டியிருக்கும். கானலி அமர்ந்திருந்த மடக்கு இருக்கையோ கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வாகவும், காரின் உட்பக்கம் தள்ளியும் இருந்தது. அதைக் கணக்கில் கொண்டு வரைந்தால் பாதை ஏறக்குறைய நேர்கோடாகிவிடுகிறது.

கேள்வி: கென்னடி சுடப்பட்ட இடத்தில், வெயில் நாளில் கறுப்புக் குடை விரித்து நின்றவர் யார்? சைகை கொடுத்தாரா?

பதில்: அவரே 1978இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஹிட்லரிடம் இணங்கிப்போன பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் அடையாளம் குடை. சேம்பர்லினை ஆதரித்த கென்னடியின் தந்தையைக் குத்திக்காட்டவே அதை விரித்தாராம். இவ்வளவு அசட்டுத்தனமான காரணத்தை யாரும் கற்பனை செய்திருக்க முடியாது என்பதாலேயே எனக்கு அது நம்பும்படி இருக்கிறது.

கேள்வி: அந்தக் குழுவே 1979இல் சதி இருந்திருக்கலாம் என்றதே?

பதில்: ஆம். காவல்துறை வானொலிப் பதிவொன்றில், ஆஸ்வால்ட் சுட்டதாகக் கருதப்பட்ட மூன்றுக்கும் மேலாக நான்காவது வெடிச்சத்தம் கேட்டதாகக் கருதியதே அதன் முதன்மை அடிப்படை. அந்த ஒலிகள் கொலைக்குச் சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பதிவானவை என்று தேசிய அறிவியல் கழகத்தின் வல்லுநர்கள் 1982இல் காட்டினார்கள்.

கேள்வி: அப்படியானால் அரசு எதையும் மறைக்கவில்லை என்கிறீர்களா?

பதில்: நிறையவே மறைத்தது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல உளவு அமைப்பான சி.ஐ.ஏ. தீட்டிய திட்டங்கள், படுகொலையை விசாரித்த வாரன் ஆணையத்திடம் தெரிவிக்கப்படவில்லை. இத்தனைக்கும் சி.ஐ.ஏ.யின் முன்னாள் தலைவர் ஆலன் டல்லஸ் அந்த ஆணையத்தின் உறுப்பினர். ஆஸ்வால்ட் எழுதிக் கொடுத்திருந்த ஒரு குறிப்பை, அவர் இறந்தபின் எஃப்.பி.ஐ.யின் டல்லாஸ் அலுவலகம் அழித்தது. இவை 1975இல் வெளிவந்தபோது, ஆணையம் 1964இல் தந்த 888 பக்க அறிக்கை முழுவதையும் மக்கள் சந்தேகித்ததில் வியப்பில்லை. ஆனால் இந்த மறைப்புகளில் நான் காண்பது, ஆஸ்வால்டை முன்பே அறிந்திருந்தும் கோட்டைவிட்ட துறைகள் தங்கள் மானத்தைக் காத்துக்கொள்ளப் பட்ட பாட்டைத்தான். இரண்டாவது துப்பாக்கிக்காரர் ஒருவர் இருந்தார் என்பதற்கு அவை சான்றாகா.